பர்சேஸ்ல இருக்கறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: கழட்டிப் போட்ட ஷூவ ஒரு தடவ புரட்டிப் பாருங்க

பர்சேஸ் டிபார்ட்மெண்ட் சார், மேடம், சேஃப்டி ஆபீசருங்க, கான்ட்ராக்ட் எடுத்து ஆள் விடறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் யாருன்னா, நீங்க வாங்கிக் குடுக்கற ஷூவ 22 வருஷமா மாட்டிட்டு நடக்கறவன். ஃபிட்டருக்கு ஹெல்ப்பரா ஆரம்பிச்சு, கனமான பொருள கட்டித் தூக்கற ரிக்கிங் வேல பாத்து, இப்ப ஒரு கேங்க மேய்ச்சிட்டு இருக்கேன். பல சைட்டு, பல கம்பெனி பாத்தாச்சு, அதனால யாரோ ஒருத்தர மனசுல வச்சு எழுதறேன்னு நெனைக்காதீங்க, போன எடத்துல எல்லாம் கத ஒண்ணுதான். வருஷத்துக்கு ஒரு தடவ ஸ்டோர்லேர்ந்து ஒரு பேப்பர் வரும். பேரு, சைஸ், கையெழுத்து. அவ்ளோதான். நீ எதுல நிக்கற, எத மிதிக்கற, உன் கால் மேல என்ன விழும், ஒரு நாளைக்கு எத்தன தடவ ஏணி ஏறுவ, இது எதுவும் அந்த பேப்பர்ல இருக்காது. வெல்டருக்கும் அதே ஷூ, கான்க்ரீட் போடறவருக்கும் அதே ஷூ, எலக்ட்ரீஷியனுக்கும் அதே ஷூ, ஸ்டோர்ல ஃபேன் அடியில உக்காந்து சலான் எழுதறவருக்கும் அதே ஷூ. இதுல யாருக்கு அந்த ஷூ ரொம்ப நாள் வருதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அப்புறம் ஆறு மாசத்துல ஷூ கிழிஞ்சிடுச்சுன்னு வந்து நின்னா, "உங்க ஆளுங்களுக்கு பொருள மதிச்சு வச்சிக்கத் தெரியல"ன்னு ஒரு பேச்சு. அந்தப் பேச்சுதான் இந்த மடலுக்குக் காரணம், உண்மையச் சொல்லிடறேன்.

நான் ஒரு விஷயம் பழக்கமா செய்றேன். பசங்க கழட்டிப் போடற பழைய ஷூவ தூக்கி எறிய விடறதில்ல, வாங்கி புரட்டிப் பாப்பேன். கொஞ்ச நாள்ல அது எந்த வேலக்காரன் ஷூன்னு பேரு கேக்காமலே சொல்ற அளவுக்கு வந்துட்டேன். முன் மூக்குல தோல் தேஞ்சு உள்ள இருக்கற ஸ்டீல் பளபளன்னு தெரியுதா, அது மண்டி போட்டு வேல செய்றவரோடது, டைல்ஸ் போடறவரோ தரையோரம் பைப் மாட்டறவரோ. நாக்குலயும் லேஸ் ஓட்டையிலயும் கருகின புள்ளி புள்ளியா இருக்கா, வெல்டர். தையல் எல்லாம் நூல் நூலா போயி, தோல் கருவாடு மாதிரி வெறைச்சு வெடிச்சிருக்கா, கான்க்ரீட். சோல் அடியில அச்சு எல்லாம் உருகி வழவழன்னு ஆயிடுச்சா, தார் போடற கேங். எல்லாமே ஒரே கம்பெனி ஷூ, ஒரே பேட்ச், ஒரே நாள்ல குடுத்தது. செத்த விதம் மட்டும் நாலு. இத பாத்தப்பறமும் எப்படி சார் எல்லாருக்கும் ஒரே மாடல் வாங்க மனசு வருது?

கான்க்ரீட் கத முதல்ல சொல்றேன், ஏன்னா அங்கதான் ரொம்ப அநியாயம் நடக்குது. ஈர சிமெண்ட் சாதாரண சேறு கெடயாது, கடுமையான காரம், பிஎச் 12, 13 வரைக்கும் போகும். தோல பதப்படுத்தி ஷூவா ஆக்கி வச்சிருக்கறத அது மெதுவா திங்கும், தையல் நூலயும் திங்கும். மனுஷன் தோலயும் அப்படியேதான். சிமெண்ட் தண்ணி ஷூ உள்ள போயிட்டா மொதல்ல ஒண்ணும் தெரியாது, எரிச்சலும் இருக்காது, பல மணி நேரம் கழிச்சு சாக்ஸ கழட்டும்போதுதான் தோலும் சேந்து வரும். எங்க கேங்ல ஒரு பையன் ராத்திரி முழுக்க ஸ்லாப் போட்டுட்டு காலைல ஷூவ கழட்டினான், கணுக்கால சுத்தி வளையம் மாதிரி வெந்து போயிருந்துச்சு. அவனுக்கு குடுத்திருந்தது நல்ல தோல் ஷூதான், விலையும் கம்மி இல்ல. ஆனா அவனுக்கு வேண்டியது முட்டிக்குக் கீழ வரைக்கும் வர்ற ஸ்டீல் டோ வச்ச கம்பூட், ரப்பரோ, பியூங்கற பாலியூரித்தேன் பிளாஸ்டிக்கோ, தையலே இல்லாத ஒரே வார்ப்பு. பேண்ட்ட பூட்டுக்கு வெளிய விடணும், உள்ள சொருகினா மேலேர்ந்து தெறிக்கறது நேரா உள்ளதான் எறங்கும். இத சொன்னா "கம்பூட் மழைக்குத்தானப்பா"ங்கறாங்க.

சரி, ஷூல ஒட்டி இருக்கற அந்த எழுத்துங்க பத்தி. எஸ்1, எஸ்1பி, எஸ்3ன்னு இருக்குமே. அத யாராவது படிச்சிட்டுத்தான் ஆர்டர் போடறீங்களான்னு எனக்கு பல நாள் சந்தேகம். ஐஎஸ்ஓ 20345ன்னு ஒரு ஸ்டாண்டர்ட், அதுபடி சேஃப்டி ஷூன்னு பேரு வாங்கணும்னா முன்னாடி இருக்கற டோ கேப் 200 ஜூல் அடிய தாங்கணும், அதாவது 20 கிலோ இரும்ப ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துலேர்ந்து விரல் மேல போட்ட மாதிரி. அப்புறம் 15 கிலோநியூட்டன் அமுக்கம், கிட்டத்தட்ட ஒன்றரை டன். 20346ன்னு இன்னொரு நம்பர் இருக்கு, அதுல அடி தாங்கறது பாதிதான், 100 ஜூல். 20347ல டோ கேப்பே கட்டாயம் இல்ல. வெளியேர்ந்து பாத்தா மூணும் ஒரே கருப்பு ஷூ. கொட்டேஷன்ல விலை கம்மியா வந்துச்சுன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி அந்த கடைசி நம்பர ஒரு தடவ பாருங்க சார், 5ஆ 6ஆ 7ஆன்னு.

எஸ்1 வாங்கினா டோ கேப் இருக்கும், குதிகால்ல அதிர்ச்சி வாங்கும், ஆனா ஆணி மிதிச்சா அடியிலேர்ந்து நேரா உள்ள வரும், தடுக்க எதுவும் கெடயாது. எஸ்1பின்னா ஆணி ஏறாத தகடு உண்டு. எஸ்2ன்னா மேல் தோல் தண்ணிய கொஞ்சம் தடுக்கும், தகடு இல்ல. எஸ்3ன்னா தண்ணியும் தடுக்கும், தகடும் உண்டு, சோல்ல ஆழமான அச்சும் உண்டு. கான்க்ரீட்டுக்கு அடிச்ச ஷட்டரிங் பலகைய பிரிக்கற எடத்துல எஸ்1 ஷூ போட்டு விடறது வெறுங்கால்ல விடறதுக்கு கொஞ்சம்தான் மேல, பலகைல ஆணி மல்லாந்து கெடக்கற எடம் அது. எஸ்3லயும் ஒரு விஷயம் கவனிங்க, எஸ்3ன்னா வாட்டர்ப்ரூஃப்னு நெறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க, இல்ல, மேல் தோல் ஊறாம கொஞ்ச நேரம் தாங்கும், அவ்ளோதான், தையல் வழியா தண்ணி வரலாம். முழு ஷூவும் தண்ணி விடாதுன்னா டபிள்யூஆர்னு போட்டிருக்கணும், 2021ல வந்த புது பதிப்புல அதுக்கு எஸ்6, எஸ்7ன்னு தனியாவே வச்சிட்டாங்க.

தகடுலயும் ரெண்டு ரகம். ஸ்டீல் தகடு ஒண்ணு, துணி மாதிரி நெய்த தகடு ஒண்ணு. துணி தகடு லேசா இருக்கும், நல்லா வளையும், பாதம் முழுக்க ஓரம் வரைக்கும் மூடும். ஆனா மெல்லிசான கூர் ஆணிக்கு ஸ்டீல் அளவுக்கு நிக்காது. முன்ன எல்லாம் டெஸ்ட் பண்றது 4.5 மில்லிமீட்டர் ஆணிலதான், 1100 நியூட்டன் விசையில, நம்ம சைட்டுல அத விட மெல்லிசு ஆணியும் வெட்டிப் போட்ட பைண்டிங் ஒயரும்தான ஜாஸ்தி, புது பதிப்புல 3 மில்லிமீட்டர் ஆணிக்கும் தனி டெஸ்ட் வச்சு பிஎஸ்னு எழுதறாங்க. பெரிய ஆணிக்கு மட்டும்னா பிஎல். தகடு ஸ்டீல்னா வெறும் பி. கம்பி கட்டற ஆளுங்களுக்கும் ஷட்டரிங் ஆளுங்களுக்கும் பி இல்லனா பிஎஸ்னு கேட்டு வாங்குங்க. ஒரு எழுத்துதான். அந்த ஒரு எழுத்துல ஒருத்தன் கால் இருக்கு.

இப்ப எலக்ட்ரீஷியன். இது உங்களுக்கு தெரியாம இருந்தா தயவுசெஞ்சு நின்னு படிங்க. எஸ்1லேர்ந்து எஸ்3 வரைக்கும் எல்லாமே ஆன்டிஸ்டேட்டிக் ஷூ, அதாவது ஒடம்புல சேர்ற ஸ்டேட்டிக் கரண்ட்ட மெதுவா தரைக்கு எறக்கி விடற ஷூ, அதோட ரெசிஸ்டன்ஸ் 1 லட்சம் ஓம்லேர்ந்து 100 கோடி ஓம் வரைக்கும் இருக்கணும்னு கணக்கு. கரண்ட்ட தடுக்கறதுக்குன்னு செஞ்சதே இல்ல அது. கரண்ட் அடிக்காம இருக்கணும்னா அதுக்கு தனியா இன்சுலேட்டிங் ஷூ இருக்கு, அதோட ஸ்டாண்டர்டே வேற. அமெரிக்க முறையில இஎச்னு போடுவாங்க, அத 18,000 வோல்ட்ல ஒரு நிமிஷம் வச்சு பாப்பாங்க, அதுவும் காஞ்ச நெலையில, ஈரமானாலோ சோல் தேஞ்சாலோ அந்த கணக்கு எல்லாம் செல்லாது, அத மட்டும் நம்பி லைவ் லைன்ல கை வைக்கவும் கூடாது. இதே இன்சுலேட்டிங் ஷூவ கொண்டு போயி பெயிண்ட் ஆவி, சால்வெண்ட் இருக்கற எடத்துல போட்டீங்கன்னா அங்க அதுவே ஆபத்து, ஸ்டேட்டிக் எறங்க வழி இல்லாம எங்கயாவது பொறி கெளம்பும். ஒரு ஆளுக்கு உசுர காப்பாத்தற ஷூ இன்னொரு ஆளுக்கு எமன். "சேஃப்டி ஷூ 400 ஜோடி"ன்னு ஒரே வரியில இண்டெண்ட், அதாவது வாங்கச் சொல்ற சீட்டு, போட்டா இது எங்க சார் தெரியப் போவுது.

வெல்டருங்களுக்கு லேஸ் ஷூ குடுக்காதீங்க. பொறி மொதல்ல லேஸத்தான் எரிக்கும், அடுத்து நாக்குக்கும் லேஸுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துல போயி உக்காரும், உக்காந்துச்சுன்னா சாக்ஸ் வழியா பாதத்துக்கு. சட்டுனு கழட்ட முடியுதா லேஸ் ஷூவ? ஒத்தக் கால்ல குதிச்சிட்டே முடிச்ச அவுக்கறவர பாத்திருக்கீங்களா, நாங்க பாத்திருக்கோம், சிரிச்சும் இருக்கோம், அது தப்புதான். லேஸ மூடற மடல் வச்சதோ, இழுத்து மாட்டற ரகமோ, இல்லனா மேல தோல் கவராவது குடுங்க. தார் ஆளுங்களுக்கும் சூடான எடத்துல நிக்கறவங்களுக்கும் சோல் ரப்பர்ல இருக்கணும், எச்ஆர்ஓன்னு எழுதியிருக்கணும், அது 300 டிகிரி சூட்டுல ஒரு நிமிஷம் வச்சு பாத்த சோல். போடற தார் கலவையே 150 டிகிரி சுமாருக்கு இருக்கும், பியூ சோல் அங்க நாள் முழுக்க நின்னா என்ன ஆகும்னு நான் சேத்து வச்சிருக்கறத பாத்தா தெரியும்.

பியூன்னதும் ஞாபகம் வருது, ஸ்டோர் விஷயம். இது என் சொந்த அனுபவம். ஒரு சைட்டுல எனக்கு புத்தம் புது ஷூ குடுத்தாங்க, டப்பா பிரிக்காதது, உள்ள சிலிக்கா பொட்டலம் கூட இருந்துச்சு. மூணாவது நாள் ஏணில பாதி ஏறிட்டு இருக்கேன், வலது கால்ல என்னமோ புட்டு உதிர்ற மாதிரி இருந்துச்சு, குனிஞ்சு பாத்தா சோல் பாதி கீழ போயிட்டு இருக்கு. துண்டு துண்டா. கைல எடுத்து நசுக்கினா பொடியாகுது. நான் கைய விட்டிருந்தா இந்த மடல எழுத ஆள் இல்ல. எறங்கி வந்து டப்பாவ பாத்தா தயாரிச்சு ஏழு வருஷம். கம்மியா விலை வந்தப்ப மொத்தமா வாங்கி தகர ஷெட்டுல அடுக்கி வச்சிருக்காங்க. பியூ சோல், அதுவும் பாலியஸ்டர் வகை பியூ, காத்துல இருக்கற ஈரத்த குடிச்சு குடிச்சு தானா உள்ளுக்குள்ள அறுந்துக்கும், சூடும் சேந்தா இன்னும் சீக்கிரம். இதுக்கு ஹைட்ராலிசிஸ்னு பேரு. போட்டு நடந்தா மட்டும்தான் ஷூ தேயும்னு நெனைக்கறோம், இல்ல, டப்பாக்குள்ள தூங்கிட்டு இருக்கும்போதே அது சாகும். போடாம வச்ச ஷூதான் சில சமயம் முன்னாடி உதிரும்.

அதனால தயாரிச்ச மாசம் வருஷம் பாருங்க. ஷூ நாக்குக்கு உள்பக்கம் லேபிள்ல இருக்கும், நெறைய ஷூல சோல் அடியில ஒரு சின்ன வட்டத்துல கடிகாரம் மாதிரி 12 நம்பரும் நடுவுல ஒரு அம்புக்குறியும் இருக்கும், அம்பு காட்டறதுதான் மாசம், நடுவுல வருஷம். ஸ்டோருக்கு எறங்கின அன்னிக்கே அத பாத்து பழசு முன்னாடி, புதுசு பின்னாடின்னு அடுக்கச் சொல்லுங்க. வருஷக்கணக்குக்கு வாங்கி குவிக்காதீங்க, மொத்தமா வாங்கி மிச்சம் பண்ணதெல்லாம் தூளா போயிடும், நெஜமாவே தூளா.

எது ரொம்ப நாள் ஒழைக்கும்னு கேட்டா, சோல் எப்படி சேந்திருக்குன்னு பாக்கணும். வெறும் பசையில ஒட்டினது தண்ணியும் எண்ணெயும் பட்டா வாய் பொளந்துக்கும். அச்சுல வச்சு சோல நேரா தோல் மேலயே ஊத்தி ஒட்ட வைக்கறது இருக்கு, இப்ப வர்றதுல பெரும்பாலும் அதுதான், லேசா இருக்கும், சீக்கிரத்துல பிரியாது, ஆனா சோல் தேஞ்சா ஷூவே முடிஞ்சுது. குட்இயர் வெல்ட்னு ஒண்ணு, ஓரத்துல ஒரு தோல் பட்டி வச்சு தெச்சு அதோட சோல தெக்கறது, டயர் கம்பெனிக்கு இதுல சம்பந்தம் இல்ல, ரப்பர வல்கனைஸ் பண்ணக் கண்டுபிடிச்ச சார்லஸ் குட்இயரோட மகன் 1870கள்ல கொண்டு வந்த மெஷின் தையல் அது. அதுல சோல் தேஞ்சா பிரிச்சு வேற சோல் போடலாம், மேல் தோல் நல்லா இருந்தா ரெண்டு மூணு சோல் பாக்கும். கனம் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி, பழகற வரைக்கும் கால கடிக்கும். எல்லாருக்கும் அது வேணும்னு நான் சொல்லல. சோல் மாத்திக் குடுக்க ஆளே இல்லாத எடத்துல அத வாங்கி என்ன பிரயோஜனம்.

தோல்னு சொன்னா எல்லாம் தோல் இல்ல. மேல் படலம் அப்படியே இருக்கறது ஒண்ணு, அத உரிச்சிட்டு கீழ் படலத்துக்கு மேல பெயிண்ட் மாதிரி பூசி பளபளன்னு குடுக்கறது ஒண்ணு. ரெண்டாவது புதுசுல ரொம்ப அழகா இருக்கும். மடிப்பு விழற எடத்துல ஒரு மாசத்துல பூச்சு உரியும், உரிஞ்ச எடத்துல தண்ணிய ஒறிஞ்சு நாள் பூரா ஈரமாவே கெடக்கும். சாம்பிள் வந்தா மேஜை மேல வச்சு அழகு பாக்காதீங்க, முன்பக்கத்த நல்லா மடிச்சு மடிச்சு பாருங்க, பூச்சு கோடு கோடா வெடிக்குதான்னு. முடிஞ்சா சாம்பிள் ஜோடிய எங்க கைல குடுங்க, ஒரு மாசம். மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்.

ஸ்டீல் டோ விரல வெட்டிடும்னு ஒரு பொரளி சைட்டுக்கு சைட்டு சுத்துது, நம்பி நெறைய பேர் வெறும் ஷூ போட்டுக்கறாங்க. ஸ்டீல் நசுங்கற அளவுக்கு ஒண்ணு விழுந்தா அது இல்லாத விரல் ஏற்கனவே கூழ்தான். ஆனா ஒரு தடவ பலமா அடி வாங்கின டோ கேப்ப திரும்ப போடக் கூடாது, வெளிய தோல்ல ஒண்ணும் தெரியாது, உள்ள நெளிஞ்சிருக்கும், அடுத்த அடிக்கு எடம் இருக்காது. "அடி வாங்கிடுச்சு, வேற குடுங்க"ன்னு வந்து நிக்கறவர "கிழியவே இல்லையே"ன்னு திருப்பி அனுப்பாதீங்க.

அப்புறம் சைஸ். செருப்புக்கு ஏத்த மாதிரி கால வெட்டற கதைதான் இங்க தெனமும். 8 இல்ல, 9 போட்டுக்கோ, சாக்ஸ் ரெண்டா போட்டா சரியாயிடும். ஸ்டீல் டோ துணி ஷூ மாதிரி போகப் போக விரியாது, மொத நாள் இடிச்சா கடைசி நாள் வரைக்கும் இடிக்கும். பெருசா குடுத்தா குதிகால் ஏறி எறங்கும், லைனிங் அங்கதான் மொதல்ல கிழியும், கொப்புளமும் அங்கதான். கால் காலைல ஒரு அளவு, நாள் பூரா நின்னப்பறம் சாயந்தரம் ஒரு அளவு, வீங்கியிருக்கும், அதனால அளவு எடுக்கறதா இருந்தா சாயந்தரம் எடுங்க, வேலைக்கு போடற அதே சாக்ஸோட, ரெண்டு காலுக்கும். நீளம் மட்டும் பாத்தா போதாது, அகலக் கால்காரங்க நெறைய, அவங்க நீளத்துல ஒரு சைஸ் ஏத்தி வாங்கி தடுக்கி விழறாங்க. பெண்கள் விஷயம் இன்னும் மோசம். ஆம்பள ஷூல சின்ன சைஸ் எடுத்துக் குடுத்தா அது பெண்கள் ஷூ ஆயிடாது, குதிகால் குறுகல், பாத வளைவு எல்லாம் வேற, அதுக்குன்னு தனி அச்சுல செஞ்சது வருது. எங்க கேங்ல ஹெல்ப்பரா இருக்கற அக்கா ஒருத்தங்க முன்னாடி பஞ்ச அடைச்சு போட்டுட்டு வருஷக்கணக்கா நடந்திருக்காங்க, கேட்டா "யார்கிட்ட சொல்றது தம்பி"ன்னாங்க.

சர்க்கரை இருக்கறவங்கள தனியா கேளுங்க, எல்லார் முன்னாடியும் இல்ல, தனியா. அவங்கள்ல பலருக்கு பாதத்துல உணர்ச்சி கொறஞ்சிருக்கும், உள்ள ஒரு கல்லு கெடந்தாலோ தையல் குத்தினாலோ தெரியாது, புண்ணு வந்தப்பறம்தான் தெரியும். அவங்களுக்கு உள்ள தையல் உறுத்தாத, அகலமான ஷூ வேணும், இதுக்கு டாக்டர் சீட்டு கொண்டா, அப்ரூவல் கொண்டான்னு மூணு மாசம் அலைய விட்டா அதுக்குள்ள கால் போயிடும்.

ஈரத்துல வேல செய்றவங்களுக்கு ரெண்டு ஜோடி குடுங்க. இது மட்டும் நான் கெஞ்சிக் கேக்கறது. ஊறின தோல் ஷூ ஒரு ராத்திரில காயாது. காயாத ஷூவ மறுநாளும் மாட்டினா தோலும் போகும், காலும் போகும், சேத்துப்புண் விரல் இடுக்குல வந்துச்சுன்னா ஆள் நொண்டிட்டேதான் வருவான். சீக்கிரம் காயணும்னு பசங்க அடுப்பு கிட்டயும் ஜெனரேட்டர் புகைக்குழாய் கிட்டயும் வைக்கறாங்க, தோல்ல இருக்கற எண்ணெய் எல்லாம் வத்தி வெடிச்சிடுது, அப்புறம் ஷூ மட்டம்னு திட்டறாங்க, இங்க தப்பு எங்க பக்கமும் இருக்கு, ஒத்துக்கறேன். உள்ள பழைய பேப்பர திணிச்சு நெழல்ல காத்தோட்டமா வச்சா போதும். ரெண்டு ஜோடிய மாத்தி மாத்தி போட்டா ஒவ்வொண்ணும் முழுசா காய நேரம் கெடைக்கும், ஒத்த ஜோடிய ஊற ஊற போட்டு சாகடிச்சிட்டு அடுத்தது வாங்கறத விட ரெண்டும் சேந்து ரொம்ப நாள் வரும். செலவு ஏறுதான்னு கணக்கு போட்டு பாத்துட்டு சொல்லுங்க.

மாத்திக் குடுக்கறதுக்கு "வருஷம் ஒண்ணு"ங்கற கணக்கையும் விடுங்க சார். சோல் அச்சு வழவழன்னு ஆயிடுச்சா, தகடோ டோ கேப்போ வெளிய தெரியுதா, சோல் குறுக்க வெடிச்சிடுச்சா, உடனே மாத்தணும், நாலு மாசம் ஆனாலும் சரி. ஒண்ணும் ஆகலயா, ஒன்றரை வருஷம் ஆனாலும் ஓடட்டும், எங்களுக்கும் பழகின ஷூதான் புடிக்கும்.

எங்க கேங்லேர்ந்து சேத்த பழைய ஷூ மொத்தம் 63 ஜோடி, நாலு சாக்கு மூட்டைல ஸ்டோர் பின்னாடி சுவரோரமா வச்சிருக்கேன். ஒவ்வொண்ணுலயும் மார்க்கர்ல என்ன வேல, எந்த மாசம் வாங்கினது, எந்த மாசம் கழட்டினதுன்னு எழுதியிருக்கு. நாத்தம் அடிக்கும், கைக்கு கிளவுஸ் போட்டுக்கோங்க. அடுத்த இண்டெண்ட் கையெழுத்து ஆகறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் ஒரு மணி நேரம் எறங்கி வாங்க, மதியம் ஒரு மணிக்கு மேல நான் அங்கதான் இருப்பேன்.